கடலோரப் பழைய வீட்டின் கார் ஷெட் ஷட்டர்: பாகத்தை மாற்றுவதா, முழுதாக மாற்றுவதா?

கடலூரிலும் புதுச்சேரியிலும் 1980களிலும் 1990களிலும் கட்டப்பட்ட வீடுகள் பலவற்றில், தெருவைப் பார்த்த முன்னறைக்கு ரோலிங் ஷட்டர் போட்டிருப்பார்கள். கடை வாடகைக்கு விடலாம் என்ற எண்ணத்தில் கட்டி, பிறகு வண்டி வந்ததும் கார் ஷெட்டாக மாறிய அறைகள் அவற்றில் நிறைய உண்டு. அந்த ஷட்டர்கள் இப்போது ஒன்றன்பின் ஒன்றாக மக்கர் செய்யத் தொடங்கியிருக்கின்றன. ஒரு பக்கம் ஏறி மறுபக்கம் தொங்குகிறது. பாதி உயரத்தில் நிற்காமல் சரிந்து இறங்குகிறது. ஷட்டரின் தகட்டுப் பட்டிகளில் தரையைத் தொடும் அடிப்பட்டி துருவேறி, எலி நுழையும் அளவுக்கு ஓட்டை விட்டிருக்கிறது. இந்த நிலைக்கு வந்த வீட்டுக்காரர் முன் மூன்று வழிகள் இருக்கின்றன. பழுதான பாகத்தை மட்டும் மாற்றலாம். ஷட்டர் சுருளும் பைப்பையும் அதைச் சுவரில் தாங்கும் பிராக்கெட்டையும் வைத்துக்கொண்டு பட்டிகளை மட்டும் மொத்தமாகப் புதிதாகப் போடலாம். அல்லது எல்லாவற்றையும் கழற்றி எடைக்குப் போட்டுவிட்டுப் புது ஷட்டர் வைக்கலாம்.

இவற்றுள் எதைத் தேர்வது என்பதைப் பெரும்பாலோர் கையிலிருக்கும் பணத்தை வைத்தும், சிலர் ஷட்டரின் வயதை வைத்தும் முடிவு செய்கிறார்கள். இரண்டும் சரியான அளவுகோல்கள் அல்ல என்பதே என் கருத்து. முதலில் கேட்க வேண்டியது, அந்தப் பாகம் உழைத்துத் தேய்ந்ததா, உப்பால் அரிபட்டதா என்பதைத்தான். ஸ்பிரிங், பேரிங், புல்லி, பூட்டு ஆகியவை உழைப்பால் தேய்பவை. அவற்றில் ஒன்று போனால் அதை மாற்றிவிட்டு நிம்மதியாக இருக்கலாம். மற்ற பாகங்களின் ஆயுளைப் பற்றி அது எதையும் சொல்வதில்லை. பட்டிகள், அடிப்பட்டி, பட்டிகளின் ஓரங்கள் ஓடும் கைடு சேனல், சேனலைச் சுவரோடு பிணைக்கும் போல்ட்டுகள் ஆகியவையோ உப்புக் காற்றால் அரிபடுபவை. அவற்றில் ஒன்று கண்ணுக்குத் தெரியும்படி போய்விட்டதென்றால், அதே காற்றை அத்தனை ஆண்டுகளும் வாங்கிய மற்றவையும் மடிப்புகளுக்குள்ளே போய்க்கொண்டிருக்கின்றன என்றே கொள்ள வேண்டும்.

இந்தப் பிரிவை இங்கே வலியுறுத்துவதற்கு ஒரு காரணம் உண்டு. இணையத்தில் தேடினால் கிடைக்கும் கேரேஜ் கதவு ஆலோசனைகள் பெரும்பாலும் கனடா, அமெரிக்காவின் வட மாநிலங்கள் போன்ற குளிர்ப் பகுதி வீடுகளுக்காக எழுதப்பட்டவை. அங்கே கதவு பலகை பலகையாகக் கூரைக்கு அடியில் மடங்கி ஏறும். பூஜ்ஜியத்துக்குக் கீழான காலைப்பொழுதில் கிரீஸ் இறுகிவிடும். ஏற்கெனவே களைத்துப்போன ஸ்பிரிங் அந்தக் குளிரில் முறியும். அடியில் ஒட்டிய ரப்பர் பனிக்கட்டியோடு தரையில் உறைந்து, மோட்டார் இழுக்கும்போது கிழிந்துவரும். ஆகவே அவர்கள் ஸ்பிரிங், ரோலர், ரப்பர் என்று பாகம் பாகமாக மாற்றச் சொல்வதும், வெப்பம் வெளியேறாத பலகைகளைப் பரிந்துரைப்பதும் அந்த ஊருக்கு முற்றிலும் பொருந்தும். அங்கேயும் உப்பு இல்லாமல் இல்லை. பனியை உருக்கச் சாலையில் கொட்டும் உப்பு, கார்ச் சக்கரத்தோடு ஷெட்டுக்குள் வந்து கதவின் அடிப்பகுதியைத் தின்கிறது. ஆனால் அது தரையோடு நின்றுவிடும். நமக்கு உப்பு காற்றிலேயே இருப்பதால், தலைக்கு மேல் கவருக்குள் சுருண்டிருக்கும் பட்டியையும் அது விடுவதில்லை. தேய்மானத்தைப் பற்றி அவர்கள் சொல்வதை அப்படியே எடுத்துக்கொள்ளலாம். அரிப்பைப் பற்றிய கணக்கை நாம்தான் போட்டுக்கொள்ள வேண்டும்.

ஸ்பிரிங்கிலிருந்து தொடங்குவோம், ஏனென்றால் பாக மாற்றம் மிகத் தெளிவாக வெல்லும் இடம் அதுதான். அமெரிக்கச் சந்தையில் சாதாரண கேரேஜ் கதவு ஸ்பிரிங்கை 10,000 முறை திறந்து மூடும் உழைப்புக்கு என்று கணக்கிட்டு விற்கிறார்கள். ஒரு நாளைக்கு நான்கு முறை திறந்து மூடினால் அது ஏழு ஆண்டுகளுக்குச் சற்றுக் குறைவு. காலையும் மாலையும் மட்டும் என்றால் 13 ஆண்டுகளுக்கு மேல். நம்முடைய ஷட்டரில் ஸ்பிரிங்குகள் மேலே பைப்பின் மீது புல்லிகளுக்குள் அமர்ந்திருக்கின்றன. அவற்றின் வேலை பட்டிகளின் எடையைத் தாங்கிக்கொள்வது. 9 அடி அகலமும் 8 அடி உயரமும் கொண்ட 18 கேஜ் (1.2 மில்லிமீட்டர் கனம்) இரும்பு ஷட்டர் 80 கிலோவை ஒட்டி வரும். அதை ஒரு கையால் தூக்க முடிகிறதென்றால் முறுக்கேறிய ஸ்பிரிங்தான் காரணம். ஷட்டரைப் பாதி உயரத்துக்குத் தூக்கிக் கையை மெல்லத் தளர்த்திப் பார்த்தால் அதன் நிலை தெரிந்துவிடும். அங்கேயே நின்றால் ஸ்பிரிங் நன்றாக இருக்கிறது. சரிந்து இறங்கினால் களைத்துவிட்டது. ஒரு பக்கம் மட்டும் இறங்கினால் அந்தப் பக்கத்து ஸ்பிரிங் உடைந்திருக்கக்கூடும்.

உடைந்தது ஒன்று என்றாலும் எல்லா ஸ்பிரிங்குகளையும் சேர்த்தே மாற்றுவது நல்லது. ஒரே பைப்பில் இருப்பவை ஒரே எண்ணிக்கையில் உழைத்தவை; புதியதும் பழையதும் கலந்தால் இழுவை ஒத்துவராமல் ஷட்டர் கோணலாகவே ஏறும். ஸ்பிரிங் கம்பிக்கு ஐ.எஸ். 4454 என்ற இந்தியத் தரம் உண்டு. மத்தியப் பொதுப்பணித் துறை ஷட்டர் வேலைக்குக் கேட்பதும் அதுதான். கடையில் அதைச் சொல்லிக் கேட்டால் குறைந்தது, கேட்பவர் விஷயம் தெரிந்தவர் என்பதாவது கடைக்காரருக்குப் புரியும். முறுக்கேறிய ஸ்பிரிங்கைப் பழக்கமில்லாதவர் தொடக் கூடாது. நழுவிய கம்பி விரலை மட்டும் பதம் பார்த்துவிட்டு விடாது.

பட்டிகளுக்கு வருவோம். நம் பக்கத்து வீடுகளில் விடியற்காலையில் வாசல் தெளிப்பதை யாரும் விடுவதில்லை. மார்கழியில் கேட்கவே வேண்டாம். ஷட்டர் வாசலோடு ஒட்டி இருந்தால், அந்தத் தண்ணீரில் ஒரு பங்கு தினமும் அடிப்பட்டியின் மடிப்புக்குள் போய் நிற்கிறது. போர்வெல் தண்ணீர் உப்பாக இருக்கும் தெருக்களில் இது கடல் காற்றைவிடப் பெரிய எதிரி. அதனால்தான் பழைய ஷட்டர்களில் மேலே வர்ணம்கூட மங்காமல் இருக்க, அடியில் இரண்டு மூன்று பட்டிகள் மட்டும் சல்லடையாகிப் போகின்றன. இப்படி ஆனால் அடிப்பட்டியையும் அதற்கு மேலுள்ள சில பட்டிகளையும் மட்டும் மாற்றலாமா என்று கேட்டால், மாற்றலாம். ஒன்றோடொன்று கோத்த பட்டிகளைப் பக்கவாட்டில் உருவி எடுத்துப் புதியவற்றைச் செருகுவது அரை நாள் வேலை. ஆனால் அதற்கு முன் இரண்டு காரியங்கள் செய்ய வேண்டும். உச்சி வெயிலில் ஷட்டரை முழுதாக இறக்கிவிட்டு, உள்ளே விளக்கை அணைத்து நின்று பார்க்க வேண்டும். ஊசிமுனை வெளிச்சம் இடுப்பு உயரத்துக்கு மேலும் தெரிந்தால், அடிப்பட்டிகளை மட்டும் மாற்றுவது வீண் செலவு. வெளிச்சம் கீழே மட்டும்தான் என்றால், பழைய பட்டியில் ஒரு சாண் துண்டு வெட்டிப் பட்டறைக்கு எடுத்துப்போக வேண்டும். 75 மில்லிமீட்டர் பட்டியும் 80 மில்லிமீட்டர் பட்டியும் புழக்கத்தில் உள்ளன. அகலம் ஒத்திருந்தாலும் கோக்கும் வளைவு இயந்திரத்துக்கு இயந்திரம் மாறும். வளைவு சேராத பட்டியைத் தட்டிச் சேர்த்துவிட்டால், அது சுருளும் இடத்தில் ஒவ்வொரு முறையும் சிக்கும்.

உண்மையில் முடிவைத் தீர்மானிப்பது பட்டியும் அல்ல, இரு பக்கமும் நிற்கும் கைடு சேனல் தரையில் ஊன்றும் கால். கடலூர் முதுநகரில் ஒரு வீட்டில் பட்டி மாற்ற விலை கேட்டபோது, வந்திருந்த மெக்கானிக் பட்டியைத் தொடவே இல்லை. குத்துக்காலிட்டு உட்கார்ந்து, சேனல் தரைக்குள் இறங்கும் இடத்தில் ஸ்க்ரூ டிரைவரை வைத்து நெம்பினார். துரு அப்பளம் போல அடுக்கடுக்காகப் பெயர்ந்து வந்தது. அதற்குப் பின்னால் இரும்பு இருக்க வேண்டிய இடத்தில் சிமெண்ட் தெரிந்தது. “பட்டி மாத்துறது பெரிசில்ல சார். இந்தக் கால் நிக்குதான்னு பாத்துக்கிட்டு அப்புறம் பேசுங்க,” என்றார். அவர் சொன்னது முழு நியாயம். அந்தக் காலத்தில் சேனலைத் தரை சிமெண்டுக்குள் புதைத்து நிறுத்துவது வழக்கம். புதைந்த இடம் ஒரு சிறு குழியாகி, தெளித்த தண்ணீரையும் மழையையும் காற்றோடு வரும் மணலையும் பிடித்து வைத்துக்கொள்கிறது. இரும்பு துருவாகும்போது பருமன் பலமடங்கு பெருகுவதால், சுற்றியுள்ள பூச்சு வெடிக்கிறது. வெடிப்பு இன்னும் தண்ணீரை உள்ளே விடுகிறது. பட்டி எவ்வளவு புதிதாக இருந்தாலும், கால் போன சேனல் காற்று வீசும் நாளில் அதைப் பிடித்து வைக்காது.

ஆகவே வெளிச்சம் இடுப்புக்கு மேல் தெரியாமல், சேனலின் காலும் திடமாக இருந்தால் முதல் வழி, அதாவது பாக மாற்றம், போதும். கால் போயிருந்து, மேலே பைப்பும் பிராக்கெட்டும் நன்றாக இருந்தால் இரண்டாவது வழியை எடுக்கலாம். ஆனால் அதில் சேனலையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். பிராக்கெட்டைச் சுவரில் பிடித்திருக்கும் போல்ட்டுகளைச் சுற்றிச் சுவர்ப் பூச்சு உப்பியிருந்தால் தயக்கமே வேண்டாம், மொத்தமாகக் கழற்றிவிடலாம். அவ்வளவு எடையும் தலைக்கு மேல் அந்தப் போல்ட்டுகளில்தான் தொங்குகிறது. புதுச் சேனல் வைக்கும்போது அதைத் தரைக்குள் புதைக்க விடாமல், ஒரு விரல் இடைவெளி விட்டுத் தரைக்கு மேலேயே நிறுத்தி, சுவரோடு மட்டும் போல்ட் போடச் சொல்ல வேண்டும். தண்ணீர் வடிந்தோடினாலே பாதி அரிப்பு நின்றுவிடும்.

புதிதாகப் போடுவதென்று முடிவானால், எந்த உலோகம் என்பது அடுத்த கேள்வி. இங்கே வியாபாரிகள் ஜி.ஐ. (துத்தநாகம் பூசிய இரும்பு) என்ற ஒரே சொல்லில் பல தரங்களைச் சுருட்டிவிடுகிறார்கள். ஜி.ஐ. தகட்டின் ஆயுள் இரும்பின் கனத்தில் இல்லை, அதன் மேல் படிந்த துத்தநாகத்தின் கனத்தில் இருக்கிறது. 120 ஜி.எஸ்.எம். என்றால் ஒரு சதுர மீட்டர் தகட்டின் இரு பக்கமும் சேர்த்து 120 கிராம் துத்தநாகம். பக்கத்துக்கு 8 மைக்ரான் சொச்சம். 275 ஜி.எஸ்.எம். என்றால் பக்கத்துக்கு 19 மைக்ரான். காற்றின் அரிப்புத் தன்மையை வகைப்படுத்தும் ஐ.எஸ்.ஓ. 9223 என்ற பன்னாட்டுத் தரத்தின்படி, சி4 என்ற கடுமையான வகையில் துத்தநாகம் ஆண்டுக்கு 2.1 முதல் 4.2 மைக்ரான் வரை கரையும். சி5 என்ற மிகக் கடுமையான வகையில் 4.2 முதல் 8.4 மைக்ரான் வரை கரையும். தேவனாம்பட்டினம், குருசுக்குப்பம், வைத்திக்குப்பம் போன்ற அலையோரத் தெருக்களைச் சி5 என்றே வைத்துக்கொண்டு கணக்குப் போடுவது பாதுகாப்பு. அங்கே 120 ஜி.எஸ்.எம். தகட்டின் பூச்சு ஓராண்டிலிருந்து இரண்டாண்டுக்குள் தீர்ந்துவிடும். 275 என்றாலும் நான்கரை ஆண்டுகளைத் தாண்டுவது கடினம். கடலிலிருந்து சற்றுத் தள்ளிய மஞ்சக்குப்பம், லாஸ்பேட்டை போன்ற பகுதிகளைச் சி4 என்று கொண்டால், 275 ஜி.எஸ்.எம். பூச்சு நான்கரை முதல் ஒன்பது ஆண்டு வரை தாங்கும். இது வெறும் துத்தநாகத்தின் கணக்கு. அதன் மேல் ஒழுங்கான பவுடர் கோட்டிங் இருந்தால் ஆயுள் கணிசமாகக் கூடும். பட்டிகள் ஒன்றோடொன்று உரசி வர்ணம் உரியும் மடிப்புகளில் மட்டும் அது பயன்படாது. வெறும் இரும்புப் பட்டிக்கு ரெட் ஆக்சைடு அடித்து எனாமல் பூசுவது இன்னும் நடக்கிறது. வில்லியனூர், நெல்லிக்குப்பம் பக்கம் உள்ள வீடுகளுக்கு அது போதும், கடலோரத்தில் அதைச் செய்வதைவிடச் செய்யாமல் இருக்கலாம்.

அலுமினியப் பட்டி சிவப்புத் துரு பிடிக்காது. அதன் அடர்த்தி இரும்பின் அடர்த்தியில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கே என்பதால் ஸ்பிரிங்குக்கும் கைக்கும் இளைப்பாறுதல். அலையோர வீடுகளுக்கு, விலை கூடுதலாக இருந்தாலும், என் வாக்கு அதற்குத்தான். ஆனால் இரண்டு எச்சரிக்கைகள் உண்டு. பழைய இரும்புப் பட்டிக்காக முறுக்கிய ஸ்பிரிங்கிலேயே அலுமினியத்தை மாட்டிவிட்டால், ஷட்டர் கீழே நிற்காமல் மேலே எகிறும். ஆகவே ஸ்பிரிங்கையும் சேர்த்தே விலை பேச வேண்டும். மேலும் அலுமினியம் வெறும் இரும்பைத் தொட்டுக்கொண்டு உப்பு ஈரத்தில் இருந்தால் அலுமினியம்தான் அரிபடும். இரண்டுக்கும் நடுவில் நைலான் வாஷரோ பட்டையோ இருக்க வேண்டும்.

ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் என்று சொல்லி விற்கப்படுபவற்றில் பாதி குழப்பம் தரத்தில் இருக்கிறது. 202 தரம் சில மழைக்காலங்களிலேயே பழுப்புக் கறை காட்டும். 304 தாங்கும், ஆனால் கடலோரத்தில் அதுவும் கறை பிடிக்கும். மாலிப்டினம் கலந்த 316 தரமே உப்புக்கு உரியது. காந்தம் ஒட்டவில்லை என்பதை வைத்து நல்ல தரம் என்று நம்பிவிடக் கூடாது, 202 தரத்திலும் காந்தம் ஒட்டாது. முழு ஷட்டரையும் 316 தரத்தில் செய்வது வீட்டுக்கு ஆடம்பரம்; போல்ட்டுகளையும் பூட்டுக் கொண்டியையும் மட்டும் அதில் வாங்குவது செலவுக்குத் தகுந்த பலன்.

காற்றைப் பற்றிச் சொல்லாமல் இந்த ஊரில் ஷட்டரைப் பற்றிப் பேச முடியாது. 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையைக் கடந்தபோது, காற்றின் வேகம் மணிக்கு 140 கிலோமீட்டர் வரை இருந்தது. அந்த வேகத்தில் வரும் காற்று சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 90 கிலோ எடைக்குச் சமமாக அழுத்தும். முன்பு சொன்ன 9க்கு 8 அடி ஷட்டரின் மீது மொத்தம் 600 கிலோவைத் தொடும். அந்த அழுத்தத்தில் பட்டி நடுவில் வளைய, இரு ஓரங்களும் சேனலிலிருந்து வெளியே உருவி வருகின்றன. இதைத் தடுப்பவை மூன்று: பட்டியின் கனம், ஓரம் நழுவாமல் பிடிக்கப் பட்டி முனைகளில் வைக்கும் எண்ட் லாக், சேனலின் ஆழம். 20 கேஜ், அதாவது 0.9 மில்லிமீட்டர் பட்டியைவிட 18 கேஜ், அதாவது 1.2 மில்லிமீட்டர் பட்டி இங்கே ஏற்றது. சேனலின் ஆழம் 65 மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது. மெல்லிய அலுமினியத்தின் பலவீனம் இந்த இடத்தில்தான் வெளிப்படும். எனவே அலுமினியம் எடுப்பவர்கள் தகட்டை வளைத்துச் செய்த பட்டியை ஒதுக்கிவிட்டு, அச்சின் வழியே அழுத்தித் தள்ளிச் செய்த (எக்ஸ்ட்ரூடட்) கனமான பட்டியையே கேட்க வேண்டும்.

மோட்டார் பொருத்தலாமா என்ற கேள்வி வயதானவர்கள் உள்ள வீட்டில் நியாயமானது. ஆனால் ஸ்பிரிங் களைத்த ஷட்டருக்கு மோட்டாரை மருந்தாகக் கருதுவது தவறு. முதலில் ஸ்பிரிங், பிறகுதான் மோட்டார். தானே புயலுக்குப் பிறகு கடலூர் மாவட்டத்தில் மின்சாரம் இல்லாமல் கழிந்த நாட்களை அனுபவித்தவர்களுக்கு, கையால் இயக்கும் செயினோ ஹேண்டிலோ இல்லாத மோட்டாரை வாங்கக் கூடாது என்று சொல்லித் தெரிய வேண்டியதில்லை. 2024 நவம்பர் இறுதியில் ஃபெஞ்சல் புயல் புதுச்சேரியில் ஒரே நாளில் 45 செ.மீ.க்கு மேல் மழையைக் கொட்டியது. அப்படிப்பட்ட நாளில் முழங்கால் உயரத்தில் இருக்கும் ஸ்விட்ச் பெட்டியின் கதி என்ன என்பதை எண்ணி, அதைத் தோளுயரத்துக்கு மேல் வைக்கச் சொல்ல வேண்டும்.

ஷட்டரே வேண்டாம், இரு கதவு கேட் போட்டுவிடலாம் என்பவர்களும் உண்டு. வீட்டு முன் பத்தடி இடம் இருந்தால் அது நல்ல யோசனை. பராமரிப்பு குறைவு, வெல்டிங் தெரிந்த யாரும் சரிசெய்வார்கள். தெருவில் நேராக வந்து திறக்கும் பழைய ஷெட்டுகளுக்கு அது உதவாது.

விலை கேட்கும்போது சதுர அடிக்கு எவ்வளவு என்ற ஒரே எண்ணோடு நிறுத்திவிடாமல், பட்டியின் கேஜ், துத்தநாகம் எத்தனை ஜி.எஸ்.எம்., சேனலின் ஆழம், ஸ்பிரிங் எத்தனை, போல்ட் எந்த உலோகம் ஆகியவற்றைத் தாளில் எழுதி வாங்க வேண்டும். சதுர அடி விலையில் திறப்பின் அளவு மட்டும் சேர்கிறதா, மேலே சுருளும் பகுதியும் மேல் கவரும் சேர்கின்றனவா என்பதையும் கேட்டுக்கொள்ள வேண்டும். இரண்டு கொட்டேஷன்களுக்கிடையே தெரியும் பெரிய வித்தியாசம் பலமுறை இதில்தான் ஒளிந்திருக்கும். பழைய ஷட்டரின் இரும்பு யாருக்கு என்பதையும் முன்கூட்டியே பேசிவிடுவது நல்லது, 80 கிலோ இரும்பு பழைய இரும்புக் கடையில் சும்மா போவதில்லை. வேலையை மாசிக்கும் ஆடிக்கும் இடையே முடித்துக்கொண்டால், பூச்சும் வர்ணமும் காய நேரம் கிடைக்கும். ஐப்பசியில் மெக்கானிக் கிடைப்பதே அரிது.

மாட்டிய பிறகு சேனலுக்குள் கிரீஸோ பழைய என்ஜின் ஆயிலோ தடவ விடக் கூடாது. மணல் அதில் ஒட்டி உப்புத்தாளாக மாறிப் பூச்சைத் தேய்க்கும். கிரீஸ் பேரிங்குக்கு மட்டும். சேனலுக்குச் சிலிக்கான் ஸ்பிரே போதும். மாதம் ஒருமுறை நல்ல தண்ணீரால் பட்டிகளையும் சேனலையும் மேலிருந்து கீழாகக் கழுவி, ஷட்டரை உடனே சுருட்டாமல் காயும் வரை இறக்கியே வைக்க வேண்டும்.